கறுப்புக் காருக்கு எண்ணெய் பூசியவன்

மாது, உறையின் மேலிருக்கும் கோணல் எழுத்தைப் பார்த்துத் தபால்காரரே சந்தேகப்பட்டிருப்பார். எழுதியது நான்தான், உன் அப்பன். ஒரு வருஷமாக மத்தியானச் சோற்றுக்குப் பிறகு உன் பெண்சாதி கோவிந்தம்மா எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். உனக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். மாமனாருக்குப் பாடம் சொல்வதா என்று முதலில் அவளுக்குக் கூச்சம். இப்போது அதெல்லாம் போய்விட்டது. "மாமா, ணகரத்துக்குச் சுழி மூணுங்க, நேத்தும் ரெண்டுதான் போட்டீங்க" என்று கண்டிப்பாகவே சொல்கிறாள். போன மாசம் பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ்ஸின் நெற்றிப் பலகையை நானே படித்துப் பார்த்து ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் "இது அரூர் போறதுங்க" என்று அவர் கேட்காமலேயே சொன்னேன். "தெரியுமுங்க, அதுக்குத்தான் ஏறுனேன்" என்றார் அவர். இருந்தாலும் எனக்குச் சந்தோஷம் குறையவில்லை. மளிகைக் கடைப் பொட்டலத்துக் காகிதத்தைக்கூட இப்போது படித்துவிட்டுத்தான் எறிகிறேன். ஒரு வரி எழுத எனக்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆகிறது. இந்தக் கடிதத்தை நேற்று முன்தினமே தொடங்கிவிட்டேன். உன் ஆத்தாளும் கோவிந்தம்மாவும் கடலைக்காய் பிடுங்கக் காட்டுக்குப் போகிற பகல் வேளையில், ஆள் இல்லாதபோது உட்கார்ந்து எழுதுகிறேன். இது இன்னொருவரிடம் சொல்லி எழுதவைக்கக்கூடிய கடிதம் அல்ல. நான் இந்த வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. கோவிந்தம்மா சத்தமாகப் படித்தாள். ஓசூரில் ஒரு டாக்சிக்காரரிடம் வேலை கிடைத்திருக்கிறது, கறுப்புக் கார், வருகிற திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், முதல் மூன்று மாசம் வண்டியைக் கழுவி மெழுகு போடுகிற வேலைதான், அதற்குப் பிறகுதான் ஓட்டக் கொடுப்பாராம் என்று எழுதியிருந்தாய். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவனைக் கார் கழுவச் சொல்கிறாரே என்று உனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் என்பதும் தெரிந்தது. அடுத்ததாக நீ எழுதியிருந்ததைத்தான் நான் மறுபடி மறுபடி நானே எடுத்துப் படித்தேன். அவர் பெயர் நஞ்சப்பன் என்றும், எந்த ஊர் என்று கேட்டார் என்றும், அப்பா பெயரைச் சொன்னதும் உன்னை இன்னொருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "சரி, வா" என்று மட்டும் சொன்னார் என்றும் எழுதியிருந்தாய். அவரை உங்களுக்குத் தெரியுமா அப்பா என்று கேட்டிருந்தாய். தெரியும். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு காரியம் இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். உன்னிடமும் சொல்லமாட்டார். அது தெரியாமல் நீ அவர் வண்டியில் கை வைக்கக்கூடாது. அதனால்தான் திங்கட்கிழமைக்கு முன்னால் இது உன் கைக்கு வர வேண்டும் என்று எழுதுகிறேன். படித்த பிறகு உனக்கு என்மேல் இருக்கிற மரியாதை குறையலாம். குறைந்தால் குறையட்டும்.

முதலில் கழுவுகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உனக்கு அது உடனே தேவைப்படும். பட்டாளத்து லாரி பச்சை. அதன்மேல் வாளித் தண்ணீரை வீசி அடித்துவிட்டு நீ சாப்பிடப் போயிருப்பாய். கறுப்பு அப்படி அல்ல. கறுப்பில் எல்லாம் தெரியும். கோழி நடந்துபோனாலும் தெரியும். நம் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் சேலத்திலிருந்து ஒரு கறுப்புக் காரை வாங்கிவந்தபோது நான் அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் இருந்தேன். அவரை நாங்கள் எல்லோரும் எசமான் என்றுதான் கூப்பிடுவோம். வண்டியோடு டிரைவராக வந்தவர் நஞ்சப்பன். ஓசூருக்கு அந்தப் பக்கம் ஊர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், தமிழும் நன்றாகப் பேசுவார். காளைகளை நான் நன்றாக வைத்திருக்கிறேன் என்று எசமான் என்னைக் காருக்கு மாற்றினார். முதல் நாள் நான் மாடு தேய்க்கிற தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு போனேன். நஞ்சப்பன் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஏ தம்பி, பேடா பேடா. எருமையின்னாலும் வலிச்சாக் கத்தும். இது கத்தாது. கீறுனது கீறுனதுதான்." பேடா என்றால் வேண்டாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் கன்னட வார்த்தை அதுதான். பிறகும் அதிகம் சொன்ன வார்த்தையும் அதுதான்.

வெயிலில் நிற்கிற வண்டியைக் கழுவாதே. காலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது, நிழலில் நிறுத்திக் கழுவு. புளியமரத்தடி ஆகாது, பூவும் பிசினும் விழும். உலர்ந்த துணியை எடுக்காதே. தூசி என்பது வேறொன்றும் இல்லை, பொடி மணல். அதன்மேல் துணி போட்டு இழுத்தால் நீயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. முதலில் கூரையிலிருந்து தண்ணீர் விடு, மண்ணெல்லாம் தானாக இறங்கி ஓடட்டும். பிறகுதான் துணி. அதுவும் பழைய மல் வேட்டி, துவைத்துத் துவைத்து நைந்தது. கூரை, கண்ணாடி, பானெட், கதவு, கடைசியில் மட்கார்டும் சக்கரமும். மட்கார்டைத் துடைத்த துணியைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே போகாதே. இரண்டு வாளி வைத்துக்கொள். ஒன்றில் துணியை அலசு, இன்னொன்றில் நல்ல தண்ணீர். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு, கறுப்பில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். நாங்கள் ஏரித் தண்ணீரைக் கொண்டுவந்து தெளியவைத்துத் துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவோம். ஓசூர்த் தண்ணீர் எப்படி என்று எனக்குத் தெரியாது. ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுக் காயவைத்துப் பார், தெரிந்துவிடும். காயும்வரை விடாமல், ஈரம் இருக்கும்போதே பிழிந்த துணியால் ஒற்றி எடுத்துவிடு.

மெழுகுக்கு நாங்கள் கடையை நம்பவில்லை. சித்தேரி மலைக்காரர்கள் சந்தைக்குத் தேன் கொண்டுவருவார்கள். தேனெடுத்த அடையை உருக்கி மெழுகுக் கட்டியாகவும் கொண்டுவருவார்கள். நஞ்சப்பன் அதை முகர்ந்து பார்த்து வாங்குவார். "புகை நாத்தம் அடிக்குதே, இது வேண்டாம்" என்பார். "அடுப்பில்லாம உருக்க எங்க வூட்ல சூரியனா கட்டிப்போட்டிருக்குது" என்று மலைக்காரப் பெண்பிள்ளை ஒருத்தி பதில் சொல்வாள். அவளிடமே வாங்குவார். கொதிக்கிற தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு ஏனத்தை வைத்து மெழுகை உருக்க வேண்டும். உருகினதும் அடுப்பைவிட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகுதான் டர்ப்பன்டைன் ஊற்ற வேண்டும். அடுப்புக்கு அருகில் ஊற்றாதே. நான் ஒருமுறை ஊற்றி என் புருவம் பொசுங்கி, ஒரு மாசம் மொட்டை நெற்றியோடு திரிந்தேன். அப்போது நீ என்னைப் பார்த்துச் சிரித்தது உனக்கு நினைவிருக்கும். ஆறினால் வெண்ணெய் மாதிரி ஆகும். ஒரு முறத்தின் அளவு இடத்தை மட்டும் எடுத்துக்கொள். சுண்டைக்காய் அளவு மெழுகு போதும். மெல்லிசாகத் தடவி, மங்கலாகக் காய்ந்ததும் வேறு துணியால் முன்னிருந்து பின்னாக நேராகத் துடை. வட்டமாகச் சுற்றாதே. அப்புறம் அடுத்த முறத்தளவு. முழுக் காருக்கு ஒரு பகல் ஆகும். சரியாகப் போட்டால், தண்ணீர் ஊற்றும்போது சேம்பு இலையில் நிற்பதுபோல முத்து முத்தாக நிற்கும். இவ்வளவும் அவர் எனக்குச் சொன்னது. இதில் என் சொந்தச் சரக்கு ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் என்னைக் கார் கழுவுவதில் கெட்டிக்காரன் என்று சொல்வதை நீ கேட்டிருப்பாய். அந்தப் பெயர் அவருடையது.

இனி அந்தக் காரியத்துக்கு வருகிறேன். எழுதக் கை கொஞ்சம் தயங்குகிறது, எழுத்து தெரியாததால் அல்ல. எசமான் மகளுக்கு மாசி மாசத்தில் கல்யாணம். ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால். உனக்கு அப்போது பத்துப் பதினோரு வயது, மூன்று நாள் பந்தியில் சாப்பிட்டது நினைவிருக்கலாம். மாப்பிள்ளை அரூர்ப் பக்கத்துக் கிராமம். முதல் நாள் சாயங்காலத்துக்குள் நம் எசமான் காரே போய் மாப்பிள்ளையை அழைத்துவர வேண்டும் என்று பேச்சு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு கார் இல்லை. அதற்கு நான்கு நாள் முன்னால் நஞ்சப்பன் தன் ஊரில் பண்டிகைக்குப் போனார். போகும் முன்னால் ஒரு பகல் முழுக்க இருந்து மெழுகு போட்டு முடித்தார். "தம்பி, நான் வர்ற வரைக்கும் தொடாதே. தூசி விழுந்தா தண்ணி மட்டும் ஊத்து. நீயா எதும் பண்ணாதே" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

எனக்கு அப்போது ஒரு வீம்பு இருந்தது. எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியுமா, எனக்கென்று ஒன்றும் தெரியாதா என்று. சந்தைக்குக் கொண்டுபோகிற காளையின் கொம்புக்கு விளக்கெண்ணெய் பூசினால் எப்படி மின்னும் என்று எனக்குத் தெரியும். முனியப்பன் கோயில் கல்லுக்கு எண்ணெய்க் காப்புப் போட்டால், அதில் நம் முகமே தெரியும். அதுவும் கறுப்பு, இதுவும் கறுப்பு. கல்லுக்கு ஆகிறது, கொம்புக்கு ஆகிறது, தகட்டுக்கு ஆகாதா என்று நினைத்தேன். வீட்டில் உன் ஆத்தா கோயிலுக்கென்று ஆட்டிவைத்திருந்த விளக்கெண்ணெய்ச் செம்பை எடுத்துக்கொண்டு போனேன். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் கூரையிலிருந்து ஸ்டெப்னி வரை ஓர் இடம் விடாமல் பூசினேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படி ஒரு கறுப்பை நான் பார்த்ததே இல்லை. எசமான் வந்து நின்று பானெட்டில் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஏன்டா, இவ்வளவு நாளா அந்த நஞ்சப்பன் என்னத்தப் பண்ணிக்கிட்டிருந்தான்" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பண்ணையில் இருபத்தைந்து வருஷம் இருந்து அவர் வாயால் நான் கேட்ட முதல் பாராட்டு அது.

நஞ்சப்பன் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார். வண்டிக்கு மாலை கட்டியாகிவிட்டது, நல்ல நேரம் போகிறது என்று உள்ளேயிருந்து சத்தம். அவர் கதவைத் திறக்கப் போனவர், மட்கார்டில் இரண்டு விரலை வைத்து இழுத்து முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏனப்பா இது?" என்றார், என்ன இது என்று கன்னடத்தில். "ஒண்ணுமில்லீங்கண்ணா, லேசாத் துடைச்சேன்" என்றேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கழுவ நேரம் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டே, "போய்ச் சேர்ந்ததும் நான் தண்ணி கேட்டு வாங்கிட்டு வரேன். சோப்புப் போட்டு இறக்கணும். அதுவரைக்கும் துணியால தொட பேடா. கேட்டுதா" என்றார். கேட்டது என்றேன். நான் புட்போர்டில் நின்றுகொண்டு போனேன். மழை பெய்து மூன்று மாசம் ஆன செம்மண் சாலை. எண்ணெயின் மேல் அந்தத் தூசி எப்படி ஒட்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை ஊர் எல்லைக்குப் போவதற்குள் கறுப்பு என்பதே இல்லை. பந்தலில் நின்றவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். "என்னங்க, கறுப்புக் காருன்னாங்க, மண்ணு பூசுன செவுரு வந்து நிக்குது" என்று ஒருத்தர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். "செவுத்துக்கு மாலை வேற" என்றார் இன்னொருத்தர்.

நஞ்சப்பன் வாளி கேட்டுக் கிணற்றடிக்குப் போனார். நான் அங்கே நின்றிருந்தால் போதும். கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தால் போதும், மாது. அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. வண்டிக்குள் ஒரு கோணிச் சாக்கு கிடந்தது. அதை எடுத்து எண்ணெயும் செம்மண்ணும் சேர்த்து அழுத்தித் தேய்த்தேன். கொஞ்சம் கறுப்புத் தெரிந்ததும் இன்னும் வேகமாகத் தேய்த்தேன். அவர் வாளியோடு திரும்பி வரும்போது ஒரு பக்கம் முழுக்க முடித்திருந்தேன். சாயங்கால வெயில் அதன்மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. சிலந்தி வலை மாதிரிக் கூரையிலிருந்து கீழே வரை கீறல். அவர் வாளியைக் கீழே வைத்தார். அதற்குள் மாப்பிள்ளையை வெளியே கூட்டிவந்துவிட்டார்கள். அவர் ஏறும்போது வெள்ளைப் பட்டு வேட்டி கதவில் உரசி, தொடையிலிருந்து முழங்கால் வரை எண்ணெயும் செம்மண்ணும் அப்பிக்கொண்டது. மாப்பிள்ளையின் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "எம்பையனை எண்ணெய் வண்டியில ஏத்திக்கிட்டுப் போகத்தான் வந்தீங்களா" என்று கேட்டார். வேறு வேட்டி கட்டிக்கொண்டு வர நல்ல நேரம் தாண்டிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாவும் கூடவே வண்டியில் ஏறிக்கொண்டார்.

எசமான் வாசலிலேயே நின்றிருந்தார். சம்பந்தி இறங்கி நேராக அவரிடம் போய் வேட்டிக் கதையைச் சொன்னார். எசமான் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் வண்டிக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். "யாரு பண்ணுன வேலை இது?" என்றார். காலையில் என்னைப் பாராட்டியவர் அவரேதான், அவருக்கே தெரியும் நான்தான் பூசினேன் என்று. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகச் சொன்னது: "டிரைவரண்ணன் சொல்லிட்டுப் போயிருந்தாருங்க எசமாங்க. அவரு சொல்லித்தான் எண்ணெய் பூசுனேனுங்க." சாக்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. எசமான் திரும்பி, "நஞ்சப்பா, நெசமா?" என்றார். நஞ்சப்பன் என்னைப் பார்த்தார். அது கோபமான பார்வை அல்ல. வாளியில் இன்னும் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்ப்பாரே, அந்த மாதிரி. "வண்டிக்கு நாந்தானுங்க பொறுப்பு" என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அப்படின்னா சாவியக் குடுத்துட்டுப் போ" என்றார் எசமான். கல்யாணப் பந்தி நடந்துகொண்டிருந்த வீட்டிலிருந்து அவர் ஒரு வாய் சாப்பிடாமல் போனார். கொட்டகையில் பையை எடுக்க வந்தபோது நான் அங்கே நின்றிருந்தேன். மெழுகு டப்பாவைப் பலகைமேல் வைத்தார். "மேலேர்ந்து கீழ. மறந்துடாதே" என்றார். அதுதான் நான் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சு.

அதற்குப் பிறகு நடந்ததும் தெரிந்துகொள். எண்ணெய் பூசிக் காரைக் கெடுத்த டிரைவர் என்று அவர் பெயர் தர்மபுரி வரை பரவியது. இந்தப் பக்கத்தில் யாரும் அவரை வேலைக்கு வைக்கவில்லை, அவர் பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் அதே வீட்டில் இருந்தேன். பெட்ரோல் கிடைக்காமல் சண்டைக் காலத்தில் வண்டி நின்றபோதும், வாரம் ஒருமுறை கழுவி மெழுகு போட்டுக்கொண்டு சம்பளம் வாங்கினேன். நீ வளர்ந்தது அதில்தான். உன் ஆத்தாளுக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. நஞ்சப்பன் பெயரைக் கோவிந்தம்மா படித்ததும் அவள் முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சாமிக்கு வெச்சிருந்த எண்ணெய் செம்போட காணாமப் போச்சே, அது தானா நடந்தா போச்சு? நீயே சொல்லுவேன்னு பாத்தேன். பன்னெண்டு வருசமாப் பாக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். மறுபடி புடைக்க உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். அதற்கு அப்போதுதான் காட்டியிருந்தேன், அது குடிக்கவில்லை.

எசமான் போய் நான்கு வருஷம் ஆகிறது. அவரிடம் சொல்ல இனி வழியில்லை. நேற்று நான் பெரிய வீட்டுக்குப் போனேன். அன்றைக்குக் கல்யாணப் பெண்ணாக இருந்த அவர் மகள் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தது. இப்போது அதற்கு மூன்று பிள்ளைகள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தது. "அது நீதானா? எங்க மாமனாரு இன்னிக்கும் கொழம்புல எண்ணெய் கூடுனா, 'எண்ணெய் வண்டி வூட்டுப் பொண்ணுதானே'ங்கறாருப்பா. பன்னெண்டு வருசமா நான் வாங்கிக் கட்டிக்கறேன்" என்றது. அப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் செய்த தப்பு ஒரு வீட்டில் மட்டும் நின்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள் அம்மா என்றேன். அது சிரிப்பை நிறுத்திவிட்டு, "எங்கிட்ட சொல்லி என்ன பண்றது. எனக்குப் போனது ஒரு பேச்சு. அவருக்குப் போனது பொழப்பு. அவருகிட்டப் போயி சொல்லு" என்றது. எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

உனக்குப் புத்தி சொல்லி எழுதுகிற கடிதங்களில் எல்லா அப்பன்மாரும் உண்மையே பேசு என்று எழுதுவார்கள். நான் அப்படி மொத்தமாக எழுதப் போவதில்லை. உன் கையால் ஏதாவது கெட்டுப்போனால், யார் கேட்டாலும் கேட்ட அந்த நிமிஷமே சொல்லிவிடு. அதற்குமேல் ஒரு நாள் போனாலும் கடினம். ஒரு வாரம் போனால் அதைவிடக் கடினம். இரண்டாவது வருஷம் நான் பெங்களூர் போய்ச் சொல்லிவிடலாம் என்று பஸ்ஸுக்குப் புறப்பட்டு, மாரண்டஹள்ளி வரை போய் இறங்கித் திரும்பிவிட்டேன். இவ்வளவு நாள் கழித்து என்ன சொல்வது என்று தோன்றிவிட்டது. அப்போது ஆனது இரண்டு வருஷம்தான். இப்போது பன்னிரண்டு. இன்னொன்று, ஒரு வேலை உனக்கு நன்றாகத் தெரியும் என்பதற்காக அந்த அறிவை வேறு வேலைக்குத் தூக்கிக்கொண்டு போகாதே. காளைக்குத் தெரிந்தவன் காருக்கும் தெரிந்தவன் இல்லை. லாரி ஓட்டியவன் கேட்டுத்தான் கார் கழுவ வேண்டும். மூன்று மாசம் கழுவச் சொல்கிறார் என்று மனத்தாங்கல் படாதே. ஏன் அப்படிச் சொல்கிறார் என்று இப்போது உனக்குப் புரியும். அதுவும் என் மகன் என்று தெரிந்து சொல்கிறார்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவருக்குக் கன்னடம்தான் படிக்கத் தெரியும், தமிழ் பேச மட்டும்தான் தெரியும். திங்கட்கிழமை காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அவருக்கு முதலிலிருந்து படித்துக் காட்டு. கழுவுகிற இடத்தையும் படி, நான் எதையாவது தப்பாக எழுதியிருந்தால் திருத்துவார். என் வாயால் சொன்ன பொய் வருகிற இடத்தை மெல்லப் படிக்காதே, தாண்டியும் போகாதே. நடுவில் எழுந்துபோனால் திரும்பி வரும்வரை இரு, வந்ததும் விட்ட இடத்திலிருந்து படி. அதைக் கேட்டுவிட்டு உனக்கு வேலை இல்லை என்று சொன்னால், சரிங்க என்று சொல்லிவிட்டு வந்துவிடு, அவரோடு வாதாடாதே. வேலைக்கு இரு என்று சொன்னால் இரு. அவர் எதைச் சொன்னாலும் எனக்காக மன்னிப்புக் கேட்காதே. அது உன் வேலை இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் நான் புறப்படுகிறேன். இந்தத் தடவை மாரண்டஹள்ளியில் இறங்கமாட்டேன், டிக்கெட்டை ஓசூருக்கே வாங்குகிறேன். உன் ஆத்தா தானும் வருகிறேன் என்கிறாள், நான் பாதியில் இறங்கிவிடுவேன் என்று சந்தேகம் அவளுக்கு. வரட்டும். நான் வந்து அவர் முன்னால் நிற்கும்போது நீ வண்டியடியில் இருப்பாய். அவர் என்னை ஏசலாம், பேசாமலும் இருக்கலாம், கன்னடத்தில் ஏசினாலும் எனக்குப் புரியும். என்ன நடந்தாலும் நீ நடுவில் வராதே, அப்பாவுக்காக ஒரு வார்த்தையும் பேசாதே. நீ பாட்டுக்கு வண்டியைக் கழுவிக்கொண்டிரு.